கிளியூர் ரோட்டுப் புளூட்டோ

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் என் கடையில் மிளகு கேட்பார்கள், காப்பித்தூள் கேட்பார்கள், பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். அதற்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது புளூட்டோவைப் பற்றித்தான். காரணம், கடைச் சுவரில் இருபது வருடமாகத் தொங்கும் ஒரு தகரப் பலகை. என் மனைவி தன் கையால் எழுதியது. சூரியன் இந்தக் கடை, பூமி சலூன், வியாழன் டீக்கடை என்று வரிசையாகப் போய், கடைசி வரி 'புளூட்டோ: கிளியூர் ரோடு, எங்கள் அண்ணன் வீடு' என்று முடியும்.

"அதைத்தான் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்களே சார், உங்களுக்குத் தெரியாதா?" என்று வாரத்துக்கு ஒருவராவது சிரிப்பார். தெரியும். அது தெரிந்த சமயத்தில் என் கடை வாசலில் என்ன நடந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாது. பதில் சொல்லாமல் மிளகைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், லேசில் போகாது. அந்தக் குணத்தால் என் வாழ்க்கையில் ஏழு வருடம் வீணாகப் போயிற்று. அந்த ஏழு வருடத்தை ஒரு கசகசா எப்படி முடித்துவைத்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் அண்ணனும் காப்பி எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர்கள். தாத்தா காலத்தில் கீழே இருந்து மலையேறி வந்த குடும்பம். அண்ணன் எஸ்டேட்டிலேயே நின்றுவிட்டார். காப்பிச் செடியைக் கழிக்கிற கவாத்துக் கத்தி பிடிப்பதில் அவருக்கு இணையாக ஆள் கிடையாது. நான் ஏரிக்குப் பக்கத்தில் கடை போட்டேன். அப்பா அண்ணனோடு, கிளியூர் ரோட்டில் அண்ணன் கட்டிய சின்ன ஓட்டு வீட்டில் இருந்தார்.

ஒரு மே மாதம், மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்த வாரம், காலையில் ஒரு ஜீப்காரர் வந்தார். "அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்களாம். உங்கள வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். செத்துப்போய்விட்டார் என்று முகத்துக்கு நேரே சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. அது எனக்கும் தெரியும். ஆனால் கடைக்குள் இரண்டு பஸ் ஜனம் நின்றுகொண்டிருந்தது. அப்பாவுக்கு அப்படி அடிக்கடி வரும், வெந்நீர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். இவர்களை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஒரு கூட்டம் போக இன்னொரு கூட்டம் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். மழை இறங்கப் போகிறது என்று அப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள்.

சுடுகாட்டிலிருந்து நனைந்துகொண்டு திரும்பிய அண்ணன், வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "கடைக்கு வந்தவங்கள எல்லாம் அனுப்பிச்சுட்டு வந்தியா கண்ணு?" என்று கேட்டார். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. அந்தக் 'கண்ணு'தான் என்னைக் கிழித்தது. அவர் கேட்டதில் தப்பில்லை என்று தெரிந்ததால் இன்னும் ஆத்திரமாக வந்தது. அண்ணி சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட, இலையில் உட்காராமல் திரும்பி நடந்தேன். அப்புறம் ஏழு வருடம் அந்த வாசலை மிதிக்கவில்லை. சந்தையில் எதிரே வந்தால் அவர் குடையைச் சாய்த்துக்கொள்வார். நான் வராத போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொள்வேன்.

என் மனைவி சேலத்துக்காரி. கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு மிளகு விற்க வந்தவள் என்று தன்னைத் தானே கேலி பண்ணிக்கொள்வாள். அந்த ஏழாவது வருடம் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு ஏதாவது செய்துதரச் சொல்லி டீச்சர் ஒருவர் கேட்க, இவள் கடையையே கவிழ்த்துப் போட்டாள். ஒரு மிளகுதான் பூமி என்று வைத்துக்கொண்டால் சூரியன் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டாள். ஒரு பெரிய பலாப்பழம் வந்தது. வியாழன் நம் மலை ஆரஞ்சு. சனி எலுமிச்சம்பழம். யுரேனசும் நெப்டியூனும் இரண்டு அரைநெல்லிக்காய். வெள்ளி இன்னொரு மிளகு, செவ்வாயும் புதனும் கடுகு. புளூட்டோ ஒரே ஒரு கசகசா.

"அளவ மட்டும் காட்டுனா போதாதுங்க, தூரத்தயும் காட்டோணும்" என்றாள். மறுநாள் என்னைக் கடையில் உட்காரவைத்துவிட்டு ரோட்டில் எட்டு வைத்து அளந்துகொண்டே போனாள். பலாப்பழம் எங்கள் கடையில் இருந்தால் பூமி எண்பது தப்படி தள்ளி, சலூனில். செவ்வாய் பஞ்சர் கடையில். வியாழனுக்கு முந்நூறு மீட்டர் போக வேண்டியிருந்தது, டீக்கடை. நெப்டியூன் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், பால் சொசைட்டி. ஒவ்வொரு இடத்திலும் ஒருவரைப் பிடித்து, கிரகத்தைக் கையில் கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

கண்காட்சி ஒரே நாளில் முடிந்தது. ஆனால் கிரகங்களை யாரும் திருப்பித் தரவில்லை. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சலூன்காரர் முடிவெட்ட வருகிறவர்களிடம், "நீங்க ஒக்காந்திருக்கறது பூமிங்க" என்பார். வியாழனைக் குரங்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனது. சூரியன் பழுத்து, ஈ மொய்த்து, நாங்களே அறுத்துத் தின்ன வேண்டியதாயிற்று. பலா இல்லாத காலத்தில் பூசணிக்காய் சூரியனாக இருந்தது. ஒருநாள் சலூன்காரர் பூமியைக் காட்டுவதற்காகக் கடைக்கே எடுத்துவந்தார். அது கை தவறி மிளகு மூட்டைக்குள் விழுந்துவிட்டது. நானும் அவரும் வெகுநேரம் தேடினோம். "எதை எடுத்தாலும் பூமிதானுங்க" என்று சொல்லி மனைவி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

இதெல்லாம் பின்னால் நடந்த வேடிக்கை. கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். கடை சாத்துகிற நேரத்தில் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ஒம்பதாவது ஒருத்தரு பாக்கி இருக்கறாருங்க. புளூட்டோ."

"எங்க வருது?"

"கிளியூர் ரோட்டுல. மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளாற. அளந்து பாத்தா நேரா மாமா ஊட்டு வாசல்ல போய் நிக்குதுங்க."

என் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். பத்து வீடு முன்னேயோ பின்னேயோ வைக்கக்கூடாதா என்று கேட்டேன். கணக்கைக் கணக்காகத்தான் வைக்க முடியும், வேண்டுமென்றால் நீங்களே அளந்து பாருங்கள் என்றாள். பௌதிகத்தில் நான் என்னத்தைக் கண்டேன்.

அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன். கிளம்பும்போதுதான் ஒரு சங்கடம் வந்தது. ஏழு வருடம் கழித்து ஒரு வீட்டுக்குப் போகிறேன், ஒற்றைக் கசகசாவைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் நீட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கடைக்காரன் கை அப்படிக் கொடுத்துப் பழக்கமில்லை. நூறு கிராம் அளந்து, நூல் சுற்றி, நல்ல பொட்டலமாகக் கட்டினேன். அண்ணி கதவைத் திறந்தார். "இதுதானுங்க புளூட்டோ. வச்சிருங்க. ஞாயித்துக்கெழம யாராச்சும் வந்து கேட்டா காட்டுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிக் கையில் திணித்துவிட்டு, உட்காரச் சொல்வதற்குள் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

கண்காட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் தங்கியிருந்த ஒரு வயதான தம்பதி புளூட்டோ வரை நடந்தே போய்த் திரும்பினார்கள். மற்றவர்கள் எல்லாம் வியாழன் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அந்த அம்மாள் கடைக்குள் வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அங்கே புளூட்டோ இல்லைங்க."

"அந்த ஊட்டுல கேட்டீங்களா?"

"கேட்டேன். குருமாவுக்கு அரைச்சுட்டேன்னு சொன்னாங்க."

என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி மேல் என்ன தப்பு? பேச்சு விட்டுப்போன கொழுந்தன் ஏழு வருடம் கழித்துக் கசகசாப் பொட்டலத்தோடு வந்து நின்றால், மதினிக்காரி அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? கோழி அடித்துக் குருமா வைத்துவிட்டார்.

இரண்டாவது புளூட்டோவைக் கொண்டுபோகும்போது புத்தி வந்திருந்தது. காலி மாத்திரைப் புட்டியைக் கழுவிக் காயவைத்து, உள்ளே ஒரே ஒரு கசகசாவைப் போட்டு எடுத்துப் போனேன். அண்ணன் வீட்டில் இருந்தார். புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்தத்தண்டிதானா?"

"அத்தத்தண்டிதானுங்ண்ணா."

"போன தடவ நூறு கிராம் கொண்டாந்தியாமே. நாங்க தின்னுபோட்டோம். நொம்ப ருசியா இருந்துச்சு." அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. உள்பக்கம் திரும்பி, "இலையப் போடு. அன்னைக்குச் சாப்பிடாம போனவன்" என்றார்.

உட்கார்ந்தேன். ஏழு வருடம் ஆறிப்போன சோறு தொண்டையில் இறங்குவதுபோல இருந்தது. அப்பாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, புளூட்டோ பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அண்ணன் ஜன்னல் திட்டிலிருந்து புட்டியை எடுத்து ஆட்டிக் காட்டுவார். கசகசா ஆடுகிற சத்தம் காதுக்குக் கேட்காது. ஆனாலும் இரண்டு பேரும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவோம். மழை, காப்பிப் பூ, காட்டெருமை வந்த கதை என்று எதையாவது பேசுவோம். சாப்பிடுவேன். திரும்பிவிடுவேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் என் வாழ்க்கையின் நல்ல பகல்கள் அவைதான்.

அப்படி ஒரு வருடத்துக்குமேல் போயிருக்கும். புளூட்டோ இனி கிரகம் இல்லை என்று பேப்பரில் செய்தி வந்தது. மனைவி படித்துக் காட்டினாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து, சாரல் அடித்துக்கொண்டிருந்த காலையில் அண்ணன் கடைக்கு வந்தார். கடை போட்டதிலிருந்து அவர் அதன் படி ஏறியது அதுதான் முதல் தடவை. குடையை மடக்கி வெளியே சாத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார்.

"டீக்கடைல பேப்பர் படிச்சாங்க கண்ணு. இதும் பேர எடுத்துட்டாங்களாம். அதான் ஒப்படைச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

எஸ்டேட்டில் வழக்கம் அது. காலையில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பேர் கூப்பிடும் புத்தகத்திலிருந்து ஒருவர் பேரை எடுத்துவிட்டால், அவர் தன் கத்தியையும் கூடையையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு முந்தின மாதம்தான், வயதாகிவிட்டது என்று அண்ணன் பேரை எடுத்திருந்தார்கள். கவாத்துக் கத்தியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்து வந்ததை அண்ணி சொல்லி எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

மனைவி முக்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் உட்கார்ந்து அவளிடம் கேட்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகளைத்தான் இன்றைக்கும் ஊர் ஊராக வருகிறவர்கள் கேட்கிறார்கள். அவர் கேட்ட மாதிரி யாரும் கேட்டதில்லை.

"அது என்னம்மா தப்புப் பண்ணுச்சு?"

"தப்பு ஒண்ணும் இல்லீங்க மாமா. அதும் அளவுக்கே இன்னொண்ணு, அதவிட நொம்பத் தூரத்துல இருக்கறதக் கண்டுபுடிச்சாங்க. அதையும் சேத்தறதா, இதையும் எடுத்தறதான்னு குழப்பம். நெறைய நாட்டுக்காரங்க ஒரு எடத்துல கூடி ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டாங்க."

"என்னன்னு முடிவு பண்ணாங்க?"

"கெரகம்னா மூணு விசயம் வேணுமாமுங்க. சூரியனச் சுத்தோணும். உருண்டையா இருக்கோணும். போற பாதையில கல்லு, கட்டி எதும் கெடக்காம அது மட்டும் தனிச்சுப் போகோணும். மூணாவது மட்டும் புளூட்டோவால முடியலீங்க. அது போற வழியில நெறைய கெடக்குது."

எஸ்டேட்டில் ஆளுக்கு ஒரு செடி வரிசையை நெரை என்று பிரித்து விடுவார்கள். "தன்ற நெரைல களையெடுக்கலீன்னு பேர எடுத்திருக்கறாங்க" என்றார் அண்ணன். புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அத்தாப்பெரிய காட்டுல இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு எப்படிம்மா முடியும்?"

அவர் கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது.

"இப்பச் சுத்தறத நிறுத்திருச்சா?"

"இல்லீங்க மாமா. முன்ன மாதிரியேதான் சுத்துது. ஒரு சுத்துக்கு எரநூத்தி நாப்பத்தெட்டு வருசம்."

"இளைச்சுக்கிளைச்சுப் போச்சா?"

"அப்படியேதான் இருக்குதுங்க. குறுங்கோள்னு வேற வரிசையில பேர் எழுதியிருக்கறாங்க. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல செரஸ்னு ஒண்ணு இருக்குது, அதையும் இதே வரிசையில சேத்திருக்கறாங்க."

"ஆகமொத்தம் உங்க பலகைல இருக்கற வரிசைல இல்ல. செரி" என்று அண்ணன் எழுந்தார். புட்டி மறுபடி தராசுத் தட்டுக்குப் போயிற்று. எடையே இல்லாததால் தட்டு அசையவில்லை. படியில் கால் வைத்தவர் குடையை எடுக்காமல் நின்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப ஞாயித்துக்கெழம இனி வரமாட்டியாட்ட இருக்குது?"

அப்போதுதான் அவர் எதற்காக அத்தனை தூரம் சாரலில் நடந்து வந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மையாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. நானல்லவா வாயை மூடிக்கொண்டு புட்டியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தவன். கடைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் ஏலக்காய் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கு இறங்கினேன்.

"புளூட்டோவப் பாக்கறதுக்காங்ண்ணா நான் வந்துட்டிருந்தேன்?"

அவர் திரும்பவில்லை.

"அன்னைக்கு நான் எல்லாத்தயும் போட்டது போட்டபடி ஓடியாந்திருக்கோணுங்ண்ணா. வராதது என்ற தப்பு. நீங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஏலக்காய் கேட்ட பெண் வேறு பக்கம் பார்த்தாள்.

"என்ற வாயும் அன்னைக்குச் சும்மா கெடந்திருக்கோணும் சாமி" என்றார் அண்ணன். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாரல் என்று நினைத்துக்கொள்ளலாம். பிறகு மறுபடி கடைக்குள் ஏறி, தட்டிலிருந்த புட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "இது என்கிட்டயே கெடக்கட்டும். உன்ற கடைல மூட்டைக்குள்ள விழுந்துபோச்சுன்னா தேடி எடுக்க முடியாது."

அண்ணன் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதுவும் ஒரு மே மாதம், அதுவும் காலை நேரம். அண்ணியின் போன் வந்தபோது கடையில் கூட்டம் நெரிந்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தராசில் பாதி மிளகு, கையில் கரண்டி, அப்படியே இறங்கி ஓடினேன். கரண்டி கையிலேயே இருந்தது என்பது டீக்கடை தாண்டும்போதுதான் தெரிந்தது. அண்ணனுக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். தோள் கொடுத்தேன்.

காரியம் முடிந்து வீடு திரும்பும் வழியில், பால் சொசைட்டிக்குப் பக்கத்தில் மனைவி நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே. அந்த வருசம் புளூட்டோ மாமா ஊட்டுகிட்ட இல்லீங்க. இங்கதான் இருந்துச்சு, நெப்டியூனுக்குக் கொஞ்சம் தள்ளி."

"அளந்தேன்னு சொன்ன?"

"அது போற வட்டம் நேர்வட்டம் இல்லீங்க. கிட்ட வரும், தூரப் போகும். மாமா ஊட்டுத் தூரத்துக்கும் ஒருநாளைக்குப் போகும், பொய்யில்ல. இன்னும் நூறு வருசத்துக்குக் கிட்ட ஆகும். நான் கொஞ்சம் முன்கூட்டியே கொண்டுபோய் வச்சேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ரோட்டோரத்து மைல்கல்லில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

பலகையை நான் இன்னும் மாற்றவில்லை. அண்ணி அந்த வீட்டில்தான் இருக்கிறார். புட்டி ஜன்னல் திட்டில்தான் இருக்கிறது. சென்ற வாரம்கூட ஒரு காலேஜ் கூட்டம் வந்து நின்று படித்தது. அதில் கண்ணாடி போட்ட ஒரு பெண், "புளூட்டோதான் இப்ப இல்லையே அங்கிள்" என்றாள். வழக்கமாக வருகிற கோபம் எனக்கு வந்தது, பிறகு எங்கேயோ போய்விட்டது.

"இருக்குதுங்க கண்ணு" என்றேன். "போன ஞாயித்துக்கெழமகூடப் போய்ப் பாத்துட்டு, அங்கயே சாப்பிட்டுட்டு வந்தேன்."